ஏழரைக்கு நிற்கும் சர்வர்: ஓர் எல்லையோர வாசகசாலையின் பேனல் அனுபவம், நிகழ்வு ஆய்வு

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் செல்லும் வழியில் உள்ள எங்கள் வாசகசாலை, கடந்த ஓண விடுமுறையில் அத்தப்பூக் கோலம், வடம் இழுத்தல் ஆகியவற்றோடு புதிதாக ஒரு போட்டியையும் சேர்த்துக்கொண்டது. பள்ளிப் பிள்ளைகள், சதுரக் கட்டிகளை அடுக்கி உலகம் அமைக்கும் மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டுக்குள் ஒரே நிலப்பரப்பில் கூடி, பத்து நாட்களில் தம் ஊரைக் கட்டிக் காட்ட வேண்டும். பெயர் கொடுத்த இருபத்தாறு பேரில் ஏழு பேர் சோதனைச் சாவடிக்கு அப்பால், கோவை மாவட்டத்துப் பக்கம் வசிப்பவர்கள். பதினேழு பேரிடம் இருந்தது கைப்பேசி மட்டுமே. கொழிஞ்சாம்பாறையில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் சர்வர் அமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

விளையாட்டு சர்வர் ஒன்றை ஓட்டுவதற்கு இணையவழி மேலாண்மைப் பேனல் கட்டாயமில்லை. லினக்ஸ் கணினியில் ஜாவாவை நிறுவி ஒரு வரிக் கட்டளையைத் தட்டினால் மைன்கிராஃப்ட் சர்வர் எழுந்து நிற்கும். அப்படித்தான் செய்வதாக இருந்தேன். வாசகசாலைச் செயலாளர் ஓய்வுபெற்ற தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர். ஊரே அவரை மாஷ் என்றுதான் அழைக்கும். அவர் கேட்டது ஒரே கேள்வி: "நீங்க கடையில இருக்கறப்ப அது நின்னு போச்சுன்னா யாருங்க தொறந்து விடறது?" இரவு ஒன்பது வரை கடையில் நிற்பவனிடம் அதற்குப் பதில் இல்லை. சர்வரைத் தொடங்கவும் நிறுத்தவும் என்ன நடக்கிறது என்று பார்க்கவும் வேறு சிலருக்கும் உரிமை தர வேண்டும்; ஆனால் கணினியின் முழுச் சாவியை அவர்களிடம் ஒப்படைக்கக் கூடாது. பேனலுக்கான தேவை அங்கிருந்துதான் பிறந்தது. கேரளப் பள்ளிகளில் மாநில அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் வழங்கும் உபுண்டு சார்ந்த லினக்ஸில்தான் பிள்ளைகள் கணினி பழகுகிறார்கள் என்பதால், கறுப்புத் திரையில் வரிகள் ஓடுவதைக் கண்டு மிரளாத இரண்டு பேரைத் தேடிப் பிடிப்பது எளிதாக இருந்தது.

தேர்ந்தெடுத்தது டெரோடாக்டைல். எம்ஐடி உரிமத்தில் வெளிவரும் கட்டற்ற மென்பொருள். அழிந்துபோன பறக்கும் ஊர்வன ஒன்றின் பெயரை வைத்துக்கொண்டதால் அதன் உறுப்புகளும் அதே வழியில் பெயர் பெற்றுள்ளன. பேனல் என்பது பிஎச்பி மொழியில் எழுதப்பட்ட வலைத்தளம். பயனர்கள், உரிமைகள், அமைப்புகள் ஆகியவற்றை மரியாடிபி தரவுத்தளத்தில் சேமித்து வைக்கும். விங்ஸ், அதாவது சிறகுகள், என்பது கோ மொழியில் எழுதப்பட்ட பின்னணி நிரல். விளையாட்டு உண்மையில் ஓடும் கணினியில் அமர்ந்து, ஒவ்வொரு சர்வரையும் டாக்கர் என்ற மென்பொருள் உருவாக்கும் தனித்தனிப் பெட்டிக்குள், ஒன்றோடொன்று கலக்காமல், ஓட்டும். எந்த விளையாட்டை எங்கிருந்து இறக்கி, எந்தக் கட்டளையால் தொடங்குவது என்ற செய்முறைக் குறிப்புக்கு முட்டை என்று பெயர். முட்டைகள் கூட்டில் வைக்கப்படும். "முட்டை சரியில்லைங்க மாஷ், வேற முட்டை வெக்கணும்" என்று நான் சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

முதல் கட்டத்தில் வாசகசாலையில் இருந்த பழைய அலுவலகக் கணினியிலேயே பேனலையும் விங்ஸையும் சேர்த்து நிறுவினேன்: நான்கு கோர் கொண்ட ஐ5, 16 ஜிபி நினைவகம், உபுண்டு சர்வர். ஒரே இடறல்தான் வந்தது. விளையாட்டின் புதிய பதிப்பு ஜாவா 21 கேட்டது; நான் தேர்ந்திருந்த டாக்கர் படிமத்தில், அதாவது பெட்டிக்குள் வைக்கும் மென்பொருள் தொகுப்பில், இருந்ததோ ஜாவா 17. ஜாவா நிரலின் கிளாஸ் கோப்பு பதிப்பு 65 (ஜாவா 21) என்றும், தன்னால் படிக்க முடிவது 61 (ஜாவா 17) வரைதான் என்றும் பிழைச்செய்தி சொல்லியது. பேனலின் தொடக்க அமைப்புப் பக்கத்தில் படிமத்தை மாற்றியதும் தீர்ந்தது. அன்று மாலையே வாசகசாலை வைஃபையில் எட்டுப் பிள்ளைகள் ஒன்றாக விளையாடினார்கள். வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

வீட்டிலிருந்து ஒருவராலும் உள்ளே வர முடியவில்லை. விளையாட்டு இணைப்புகள் வந்து சேரும் எண்ணான 25565ஆம் போர்ட்டை ரௌட்டரில் சர்வருக்குத் திருப்பி விட்டும் பயனில்லை. ரௌட்டரின் வெளி முகவரியைப் பார்த்தபோது அது 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகள், இணைய நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்துவதற்காக 2012இல் ஒதுக்கப்பட்டவை. பத்து வீட்டுக்கு ஒரே வாசல் இருந்து, அந்த வாசலின் திறவுகோல் நம்மிடம் இல்லாதது போன்ற நிலை. ரௌட்டரில் என்ன எழுதினாலும் வெளியிலிருந்து ஆள் வர முடியாது. நிலையான முகவரி கேட்டால் தனிக் கட்டணமும் காத்திருப்பும் உண்டு, ஓணமோ காத்திருக்காது. எனவே இந்தியாவிலேயே தரவு மையம் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தில் 4 கோர், 8 ஜிபி கொண்ட மெய்நிகர் சர்வரை ஒரு மாத வாடகைக்கு எடுத்து, அனைத்தையும் அங்கே மாற்றினோம். பழைய கணினி ஒத்திகைக்கு என்று வாசகசாலையிலேயே இருந்தது.

இந்த ஆய்வை எழுதத் தூண்டிய பிழை அந்த மாற்றத்தின்போதுதான் வந்தது. வாடகை சர்வரில் பேனலை முதலில் சாதாரண எச்டிடிபியில், ஐபி முகவரியை வைத்தே திறந்தேன். விங்ஸையும் அதே முகவரியில், பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாமல், ஒரு கணுவாகச் சேர்த்தேன் (விங்ஸ் ஓடும் கணினியைப் பேனல் கணு என்று அழைக்கும்). மேலாளர் பக்கத்தில் கணுவின் பெயருக்கு அருகே சின்ன இதயக் குறி பச்சையாகத் துடித்தது. பிறகு, பிள்ளைகளின் கடவுச்சொற்கள் மறையாக்கம் இல்லாமல் போகக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் ஒரு டொமைன் பெயர் வாங்கி, லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் பெற்று, பேனலை மறையாக்கம் செய்யும் எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றினேன். உடனே இதயம் சிவந்துவிட்டது. சர்வரின் செய்திகள் வரிவரியாக ஓடும் கன்சோல் பக்கம் இணைப்பில் சிக்கல், காத்திருக்கவும் என்று சொல்லிச் சுற்றிக்கொண்டே இருந்தது. அதேசமயம் விளையாட்டு எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு பேர் உள்ளே சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஏறத்தாழ நான்கு மணி நேரம் தவறான இடத்தில் தேடினேன். விங்ஸை மூன்று முறை மறுதொடக்கம் செய்தேன். பதிவுக் கோப்பில் பிழை ஏதும் இல்லை. சர்வருக்குள் நுழைந்து கர்ல் கட்டளையால் விங்ஸின் 8080ஆம் போர்ட்டைத் தட்டிப் பார்த்தேன். ஒழுங்காகப் பதில் வந்தது. பேனல் நலம், விங்ஸ் நலம், இரண்டும் ஒரே கணினியில் இருக்கின்றன. பிறகு எது எதோடு பேச முடியாமல் தவிக்கிறது? கன்சோலில் ஓடும் வரிகளை விங்ஸிடமிருந்து பேனல் வாங்கி நமக்குக் காட்டுகிறது என்று நான் எண்ணியிருந்ததே பிழையின் வேர். பேனல் செய்வது, பயனரின் உலாவியிடம் ஒரு நுழைவுச்சீட்டைக் கொடுத்து, விங்ஸின் முகவரியைச் சொல்லி அனுப்புவது மட்டுமே. அதன்பின் உலாவி தானாகவே விங்ஸோடு வெப்சாக்கெட் என்ற, தொடர்ந்து திறந்திருக்கும் நேரடி இணைப்பைத் திறக்கிறது. இதயத்தின் நிறத்தைத் தீர்மானிப்பதும் உலாவி நேரடியாகக் கேட்டறியும் பதில்தான். பாதுகாப்பான பக்கம் ஒன்றைத் திறந்து வைத்திருக்கும்போது, பாதுகாப்பற்ற முகவரிக்கு அப்படி ஓர் இணைப்பு செல்ல உலாவி அனுமதிக்காது. தடை விழுந்தது என் மேசையில் இருந்த மடிக்கணினியில். நான் தேடியதோ தரவு மையத்தில். உலாவியின் டெவலப்பர் பகுதியைத் திறந்திருந்தால் முதல் நிமிடத்திலேயே சிவப்பு எழுத்தில் காரணம் தெரிந்திருக்கும்.

தீர்வு சிறியது. விங்ஸுக்கென ஒரு துணை டொமைன் வைத்து, அதற்கும் சான்றிதழ் பெற்று, கணுவின் அமைப்பில் பாதுகாப்பான இணைப்பைத் தேர்ந்து, கான்ஃபிக் கோப்பைப் புதுப்பித்து விங்ஸை மறுதொடக்கம் செய்தேன். பேனலைத் தொடக்கத்திலேயே எச்டிடிபிஎஸ்ஸில் நிறுவியிருந்தால், பாதுகாப்பற்ற கணுவைச் சேர்க்கவே அது விட்டிருக்காது. படிகளை வரிசை மாற்றிச் செய்ததால் அந்தக் காவலைத் தாண்டிவிட்டேன். சான்றிதழ்கள் 90 நாட்களில் காலாவதியாகும். எங்கள் வாடகையோ ஒரு மாதம், ஆகவே அந்தக் கவலை எழவில்லை.

பேனல், விங்ஸ், உலாவி என்று பேசுபவர்கள் மூவர் என்பது புரிந்தபின், அடுத்த சிக்கலை அரை மணி நேரத்தில் பிடித்தேன். கணினி வைத்திருந்த ஒன்பது பேரும் நுழைந்தார்கள். கைப்பேசி வைத்திருந்த பதினேழு பேரும் வெளியே நின்றார்கள். கைப்பேசியில் ஓடுவது மைன்கிராஃப்டின் பெட்ராக் பதிப்பு. எங்கள் சர்வர் ஜாவா பதிப்பு. இரண்டுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராக கெய்சர் என்ற செருகுநிரலையும், ஜாவா பதிப்புக் கணக்கு இல்லாதவர்களையும் உள்ளே விடுவதற்கு ஃப்ளட்கேட்டையும் நிறுவியிருந்தேன். கெய்சருக்கான 19132ஆம் போர்ட்டைப் பேனலில் கூடுதலாக ஒதுக்கியும் இருந்தேன். பேனலில் ஒரு போர்ட்டை ஒதுக்கினால் விங்ஸ் அதை தரவு அனுப்பும் முறைகளான டிசிபி, யுடிபி இரண்டிலும் திறந்து வைக்கும்; எனவே அந்தப் பக்கம் குறை இல்லை. சர்வருக்குள் இருந்த யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் தடுப்பையும் சந்தேகிக்க இடமில்லை, ஏனெனில் டாக்கர் திறக்கும் போர்ட்டுகள் அந்தத் தடுப்பைச் சுற்றிக்கொண்டு போய்விடும் (இது வேறு நாளில் வேறு ஆபத்தைத் தரக்கூடிய குணம்). மீதி இருந்தது, வாடகைக்குத் தந்த நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில், சர்வருக்கு வெளியே இருக்கும் ஃபயர்வால். அங்கே 19132ஐத் திறந்திருந்தேன், டிசிபிக்கு மட்டும். பெட்ராக் பேசுவது யுடிபியில். ஒரு வரி சேர்த்ததும் கைப்பேசிகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன.

எல்லை ஊருக்கே உரிய ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். வாசகசாலையிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில், சாவடிக்கு அப்பால் உள்ள வீட்டுக்கு, தரவு செல்லும் வழியைக் காட்டும் ட்ரேஸ்ரூட் கட்டளையை ஓட்டிப் பார்த்தபோது, தரவு சென்னை வரை போய்த்தான் திரும்பி வந்தது. இரு பக்கத்துக் கம்பிகளும் வெவ்வேறு நிறுவனங்களுடையவை. அவை கைகுலுக்கும் இடம் எங்கள் ஊரில் இல்லை. ஆகையால் சர்வரை ஊருக்குள்ளேயே வைத்திருந்தாலும் அந்த ஏழு பிள்ளைகளுக்கு அதனால் பெரிய ஆதாயம் இருந்திருக்காது.

மூன்றாம் நாள் மாலை, இருபத்திரண்டு பேர் உள்ளே இருந்தபோது சர்வர் விழுந்தது, தானாக எழுந்து சில நொடிகளில் மீண்டும் விழுந்தது, பிறகு எழவில்லை. ஒரு நிமிடத்துக்குள் இரண்டாம் முறை விழுந்தால் விங்ஸ் மறுபடி தொடங்க முயலாது. கன்சோல் பார்க்கும் உரிமை பெற்றிருந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி கடைக்குப் போன் செய்தாள்: "அண்ணா, எக்ஸிட் கோட் 137னு வருதுங்க. கீழ அவுட் ஆஃப் மெமரி, ட்ரூன்னு போட்டிருக்குதுங்க." அந்த ஒரு வரியைச் சொல்ல ஆள் இருந்ததே பேனலுக்காகப் பட்ட பாட்டுக்குப் பலன். 137 என்பது 128உடன் 9 சேர்ந்த எண். ஒன்பதாம் சிக்னலால், அதாவது மறுபேச்சின்றி, நிரல் கொல்லப்பட்டது என்று பொருள்.

சர்வருக்கு 4096 எம்பி ஒதுக்கியிருந்தேன். போதவில்லை போலும் என்று 6144 ஆக்கினேன். மறுநாளும் விழுந்தது. தொடக்கக் கட்டளையை அப்போதுதான் நின்று படித்தேன். முட்டையோடு வந்த கட்டளை, பெட்டியின் நினைவகத்தில் நூற்றுக்கு 95 பங்கு வரை தன் பொருட்குவியலுக்கு, அதாவது ஓடும் நிரல் தன் தரவை வைக்கும் இடத்துக்கு, எடுத்துக்கொள்ள ஜாவாவை அனுமதித்திருந்தது. ஆனால் ஜாவாவுக்கு அந்தக் குவியல் மட்டும் போதாது; நிரலின் வகுப்புகள், இழைகள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைத் தொடர்கள்), வலையமைப்புத் தாங்கிகள், பயனற்ற தரவை நீக்கும் குப்பை அகற்றும் பகுதி ஆகிய அனைத்துக்கும் குவியலுக்கு வெளியே இடம் வேண்டும். 4096இல் மிஞ்சியது ஏறத்தாழ 200 எம்பி. பதினேழு கைப்பேசிகளுக்கு மொழிபெயர்க்கும் கெய்சரும் அதே மிச்சத்தில்தான் கை வைக்க வேண்டியிருந்தது. நினைவகத்தைக் கூட்டக் கூட்டக் குவியலும் கூடவே வளர்ந்ததால், விளிம்பு நகர்ந்ததே தவிர விலகவில்லை. பாத்திரத்தைப் பெரிதாக்கிவிட்டு மறுபடியும் விளிம்பு வரை பால் ஊற்றிப் பொங்கவிட்ட கதை. ஒதுக்கீட்டை 5120க்கு இறக்கி, பங்கை 75 ஆக்கினேன். குவியலுக்கு 3840, மற்றவற்றுக்கு 1280. அதன்பின் போட்டி முடியும்வரை 137 வரவில்லை. முன்பைவிடக் குறைவான நினைவகத்தில் சர்வர் நிலைத்து நின்றதை நான் மாஷிடம் இரண்டு முறை விளக்கியும் அவர் ஏற்றுக்கொண்டாரா என்று தெரியவில்லை.

விழுவது நின்றதும் தடுமாறுவது கண்ணுக்குத் தெரிந்தது. மைன்கிராஃப்ட் உலகம் நொடிக்கு 20 துடிப்புகளில் இயங்குகிறது. ஒவ்வொரு துடிப்பின் வேலையும் 50 மில்லிசெகண்டுக்குள் முடிய வேண்டும். எங்கள் சர்வரில் அது 80ஐத் தொட்டது, அதாவது நொடிக்கு 12 துடிப்புகள்தான். காரணம் இரண்டு. முதலாவது பிள்ளைகளின் கற்பனை. ஒரு குழு, ஆழியாற்று நீரைப் பங்கிடும் மூலத்தரை ரெகுலேட்டரை இடதுகரை, வலதுகரை வாய்க்கால்களோடு கட்டியது. விளையாட்டுக்குள் ஊற்றுக் கட்டி ஒன்றிலிருந்து சமதளத்தில் நீர் ஏழு கட்டி தூரமே ஓடும் என்பதால், வழிநெடுக ஊற்றுகளை வைத்து, மதகுகளைத் திறந்து மூடும் பொறியையும் சேர்த்திருந்தார்கள். நிலைத்து நிற்கும் நீர் சர்வருக்குச் சுமையில்லை. பரவும் நீரும் வடியும் நீரும் ஒவ்வொரு கட்டியையும் மறுகணக்குப் போட வைக்கும். எல்லா மதகையும் ஒரே நேரத்தில் திறந்து மூடுவதுதானே அவர்களுக்கு வேடிக்கை! இன்னொரு குழு மாட்டுச்சந்தை வைத்து, கோதுமை ஊட்டி ஊட்டி மாடுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தது.

இரண்டாவது காரணம் நான். பேனலில் சிபியு வரம்பு என்ற கட்டத்தில் 100 என்று எழுதியிருந்தேன், நூற்றுக்கு நூறும் எடுத்துக்கொள் என்ற பொருளில். அங்கே 100 என்பது ஒரு கோர். நான்கு கோருக்கு 400. விளையாட்டின் முதன்மை இழை ஒரே கோரில் ஓடுவது உண்மைதான் என்றாலும், குப்பை அகற்றுதல், வலையமைப்பு, கெய்சரின் மொழிபெயர்ப்பு ஆகியவையும் அந்த ஒரு கோர் பங்கிலிருந்தே உண்டன. பங்கு தீர்ந்த கணத்தில் முதன்மை இழையும் சேர்ந்து காத்திருந்தது. வரைபடத்தில் கோடு நூறில் தட்டையாகப் படுத்திருந்ததை நாலு நாளாகப் பார்த்தும், சர்வர் நன்றாக உழைக்கிறது என்று மகிழ்ந்திருக்கிறேன். வரம்பை 300 ஆக்கி, பார்வைத் தூரத்தைப் பத்திலிருந்து ஏழுக்குக் குறைத்ததும் துடிப்பு நேரம் 40க்குக் கீழே இறங்கியது. மாடுகளுக்கு மட்டும் மாஷ் உச்சவரம்பு விதித்தார்.

இதற்கிடையே ஒரு புகார் வந்துகொண்டே இருந்தது. தினமும் காலை ஏழரைக்குச் சரியாக அனைவரும் வெளியே தள்ளப்படுகிறார்கள். "அண்ணா, சர்வருக்கு ஏழரை புடிச்சிருச்சுங்க" என்று ஒருவன் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். சனி பகவானுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பது சற்றுப் பின்னரே உறைத்தது. ஆள் இல்லாத நேரம் என்று அதிகாலை 2 மணிக்கு எச்சரிக்கைச் செய்தி, காப்புநகல், மறுதொடக்கம் ஆகியவற்றை வரிசையாகச் செய்யும் பணி ஒன்றைப் பேனலில் அமைத்திருந்தேன். நிறுவும்போது நேர மண்டலம் கேட்கப்பட்ட இடத்தில் எதுவும் எழுதாமல் என்டர் தட்டியதால், பேனல் உலகப் பொது நேரமான யுடிசியைப் பின்பற்றியது. யுடிசி 2 மணி என்பது நமக்கு ஐந்தரை மணி நேரம் கூடி 7.30. விடுமுறையில் பிள்ளைகள் எழுந்து விளையாட அமர்வதும் அப்போதுதான். பேனலின் அமைப்புகள் உள்ள என்வ் கோப்பில் ஏசியா/கொல்கத்தா என்று மாற்றியதும் ஏழரை விலகியது.

போட்டி முடிந்து வாடகை மாதம் தீரும் முன், உலகத்தை வாசகசாலைக் கணினிக்கே திருப்பிக் கொண்டுவர வேண்டியிருந்தது. காப்புநகல்கள் அதே வாடகை வட்டிலேயே கிடந்தன; நல்லவேளையாக அந்த மாதம் அதற்குச் சோதனை வரவில்லை. உலகத்தின் கோப்புகளை எஸ்எஃப்டிபி என்ற பாதுகாப்பான கோப்புப் பரிமாற்ற முறையில் இறக்கினேன். பிள்ளைகளின் கணக்குகளும் உரிமைகளும் அப்படியே இருக்கட்டும் என்று பேனலின் தரவுத்தளத்தையும் கொண்டுவந்தேன். அந்தத் தரவுத்தளத்தில் பூட்டப்பட்டிருப்பவற்றைப் படிக்க என்வ் கோப்பில் உள்ள குறியாக்கச் சாவி வேண்டும். நான் தொடக்கத்திலேயே, கணினியில் வைத்தால் தொலையும் என்று சொல்லி அந்த 44 எழுத்துகளை மாஷிடம் கொடுக்க, அவர் அவற்றை இருப்புப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் மையால் எழுதி அலமாரியில் பூட்டியிருந்தார்.

பதிவேட்டைப் பார்த்துத் தட்டினேன். உள்நுழைவு வேலை செய்தது. பயனர் பட்டியல் வந்தது. கணுவின் பக்கத்தைத் திறந்தால் மட்டும் பிழை. பதிவுக் கோப்பில், மறையாக்கச் சரிபார்ப்பு செல்லாது என்ற செய்தி. பயனர்களின் கடவுச்சொற்கள் வேறு முறையில், சாவியின் துணையின்றிச் சேமிக்கப்படுவதால் அவை தப்பின. பேனலும் விங்ஸும் ஒன்றையொன்று அடையாளம் காணும் டோக்கன் அந்தச் சாவியால் பூட்டப்பட்டது, ஆகவே அது திறக்கவில்லை. சாவியில் ஓர் எழுத்து தவறு. மாஷை வரவழைத்து, பதிவேட்டின் மேல் விரலை வைத்து அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லச் சரிபார்த்தோம். இருபத்தொன்றாம் இடத்தில் நின்றார். "இது ஓ இல்லீங்க. பூஜ்ஜியம்." மாற்றித் தட்டியதும் கணுவின் பக்கம் திறந்தது, உள்ளூர் முகவரியைக் கொடுத்து விங்ஸை எழுப்பியபோது இதயம் பச்சையாயிற்று. மாஷ் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பதிவேட்டில் அந்தப் பூஜ்ஜியத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார்.